தேர்ச்சிக் கோவை முறையில் பள்ளி நிறைவு: சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதியில், டெபோரா மையர் என்னும் கல்வியாளரின் தலைமையில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசுப் பள்ளி இது. மாணவர் வகுப்பில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதையோ, குறித்த ஒரு நாளில் எழுதிய பரீட்சையில் எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பதையோ அளவுகோலாகக் கொள்ளாமல், 14 துறைகளில் அவர் தாமே செய்து முடித்த வேலைகளைக் கோவைகளாகத் தொகுத்து, அவற்றைப் பரிசீலிக்கும் குழுவினருக்குத் திருப்தி உண்டாகும்படி நிலைநாட்டிய பின்னரே நிறைவுப் பத்திரம் வழங்கியமையால், உலகக் கல்வி வரலாற்றில் தனியிடம் பெற்றது.

தோற்றமும் பின்னணியும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் காலத்தைக் கொண்டு கல்வியை அளக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிப்பட்டது. கார்னகி அறநிறுவனம் 1906ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த அலகின்படி, ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறக்குறைய 120 மணி நேரம் பயின்றவர் ஓர் அலகு பெற்றவராகக் கருதப்பட்டார். அத்தகைய அலகுகள் வேண்டிய அளவு சேர்ந்தால் பள்ளிப் படிப்பு நிறைவெய்தியதாகக் கொள்ளப்பட்டது. நிர்வாகத்துக்கு வசதியான இவ்வேற்பாடு, மாணவர் உண்மையில் என்ன அறிந்தார் என்னும் வினாவுக்கு மட்டும் விடையளிக்கவில்லை.

இக்குறையை நீக்க முயன்ற சிந்தனைகளும் அந்நூற்றாண்டிலேயே எழுந்தன. செய்து கற்றலை வற்புறுத்திய ஜான் டூயியின் வழிவந்த வில்லியம் கில்பாட்ரிக், 1918இல் செயல்திட்ட முறையை விளக்கினார். போதிய காலமும் தக்க உதவியும் கிடைக்குமாயின் மிகப் பெரும்பாலான மாணவர் முழுத் தேர்ச்சி பெற இயலும் என்னும் கொள்கையை 1968இல் பெஞ்சமின் புளூம் முன்வைத்தார். 1984இல் அத்தியாவசியப் பள்ளிகளின் கூட்டணியை நிறுவிய தியோடர் சைசர், நிறைவுப் பத்திரம் என்பது தேர்ச்சியை வெளிப்படையாக நிரூபித்துக் காட்டியவருக்கே உரியது என்பதைத் தம் பொதுக் கொள்கைகளுள் ஒன்றாக அமைத்தார். 1974 முதல் அதே வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி நடத்தி நற்பெயர் பெற்றிருந்த மையர், அக்கூட்டணியின் துணையோடு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கியபோது, விஸ்கான்சின் மாநிலத்து ராசின் நகரில் வால்டன் 3 என்னும் பள்ளி கையாண்ட இறுதியாண்டுத் தேர்வு முறையை முன்மாதிரியாகக் கொண்டு, தம் பள்ளிக்கேற்றவாறு அதனை விரிவுபடுத்தினார்.

பதினான்கு கோவைகள்

ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருந்த இப்பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகள் ‘சீனியர் இன்ஸ்டிட்யூட்’ எனப்பட்டன. அப்பகுதியை அடைந்த மாணவர், ஓர் ஆலோசக ஆசிரியரின் வழிகாட்டலில், 14 கோவைகளைத் தயாரிக்க வேண்டும். இலக்கியம், வரலாறு, கணிதம், அறிவியலும் தொழில்நுட்பமும் ஆகிய நான்கும் அவற்றுள் தலையாயவை. புவியியல், அறநெறியும் சமூகப் பிரச்சினைகளும், நுண்கலை, செய்தி ஊடகம், ஆங்கிலமல்லாத இன்னொரு மொழி, நடைமுறை வாழ்க்கைத் திறன், உடற்பயிற்சி, சமூகத் தொண்டும் தொழிற்களப் பயிற்சியும், தன்வரலாறு, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைத் திட்டம் ஆகியவை ஏனையவை.

இப்பட்டியல் அமைந்த முறையிலேயே பள்ளியின் நோக்கம் புலப்படும். வாழ்க்கைத் திட்டக் கோவையை மாணவர் சீனியர் இன்ஸ்டிட்யூட்டில் நுழையும்போதே எழுதத் தொடங்கி, தம் எண்ணம் முதிர முதிர அதனைத் திருத்திக்கொண்டு வந்தார். ஆகவே எதற்காகக் கற்கிறோம் என்னும் வினா கல்வியின் வாயிலிலேயே அவரை எதிர்கொண்டது. கருப்பினத்தவரும் ஸ்பானிய மொழி பேசுவோருமாகிய எளிய குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலோராக இருந்த அப்பள்ளியில், தன்வரலாறும் இரண்டாம் மொழியும் கணிதத்தோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றமை, அப்பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அனுபவமும் அறிவே என்பதை அங்கீகரித்ததாகும்.

குழுவின் முன் விசாரணை

பதினான்கு கோவைகளுள் ஏழினை மாணவர் வாய்மொழியாக நிலைநாட்ட வேண்டியிருந்தது. மேற்கூறிய தலையாய நான்கும் அவற்றுள் கட்டாயம். எஞ்சிய மூன்றும் மாணவரின் விருப்பத்தைப் பொறுத்தவை. பரிசீலனைக் குழுவில் ஆலோசகரும், மற்றோர் ஆசிரியரும், மாணவரே தெரிந்தெடுத்த ஒரு பெரியவரும், ஒரு சக மாணவரும் அமர்ந்தனர். கோவையை முன்னதாகவே படித்துவிட்டு வந்த அவர்கள், எழுதியதை ஒப்பிக்கச் சொல்வதில்லை. எழுதியதன் அடிப்படையை வினவினர். ஒரு வரலாற்றுக் கட்டுரை ஒரு முடிவை உறுதியாகக் கூறுமானால், அதற்குச் சான்று எது, அச்சான்றை விட்டுச் சென்றவர் யார், அவர் எந்தப் பக்கத்தில் நின்று பேசினார் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; எழுதும்போது யோசிக்காமல் விட்ட இடமெல்லாம் அப்போது வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இக்கேள்விகள் தற்போக்கில் எழுந்தவையல்ல. ‘மனப் பழக்கங்கள்’ என்று பள்ளி பெயரிட்டு, எல்லா வகுப்பிலும் எல்லாப் பாடத்திலும் பயிற்றுவித்த ஐந்து வினாக்களே இங்கும் பிரமாணமாக நின்றன: நாம் அறிந்ததை எவ்வாறு அறிந்தோம், இது யாருடைய நோக்கிலிருந்து கூறப்படுகிறது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு, இது வேறுவிதமாக நிகழ்ந்திருக்கக்கூடுமா, இதனால் யாருக்கு என்ன பயன்.

வேலை தரத்தை எட்டவில்லையாயின், குழு அதனைத் தோல்வி என்று முத்திரையிட்டு ஒதுக்காமல், குறைகளை எடுத்துரைத்துத் திருத்தி வருமாறு திருப்பி அனுப்பியது. திருத்தமும் மறுபரிசீலனையும் முறையின் அங்கங்களே. காலம் நெகிழலாம், தரம் நெகிழலாகாது என்பதே இதன் சாரம். மணிக்கணக்கை நிலையாக வைத்துத் தேர்ச்சியை ஏறியிறங்க விட்ட பழைய சம்பிரதாயத்துக்கு இது நேர்மாறானது.

தாக்கமும் பிற்கால நிலையும்

இப்பள்ளியின் முதல் மாணவர் குழு 1991இல் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தது. ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மன் 1994இல் ‘ஹை ஸ்கூல் 2’ என்னும் படத்தில் இதன் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தார். மையர் தம் அனுபவங்களை 1995இல் நூலாக வெளியிட்டார். 1990களில் அவர் விலகிய பின் பள்ளி படிப்படியாக வழக்கமான அமைப்புக்குத் திரும்பியது. கோவை முறையும் அங்கு நீடிக்கவில்லை.

எனினும் அதன் கருத்து வேறிடங்களில் வேரூன்றியது. 1990களின் பிற்பகுதியில் உருவான நியூயார்க் செயல்திறன் தரக் கூட்டமைப்பைச் சேர்ந்த பள்ளிகள், மாநில ரீஜென்ட்ஸ் பரீட்சைகளுள் பெரும்பாலானவற்றிலிருந்து விலக்குப் பெற்று, அவற்றுக்குப் பதிலாக இலக்கியத் திறனாய்வுக் கட்டுரை, சமூக அறிவியல் ஆய்வுக் கட்டுரை, மாணவர் தாமே வடிவமைத்த அறிவியல் சோதனை, உயர்கணிதப் பயன்பாடு ஆகிய நான்கு பணிகளையும் அவற்றின் வாய்மொழி விளக்கத்தையும் நிறைவு நிபந்தனையாகக் கொண்டன.

மதிப்பீடு

பரிசீலகர்களின் அபிப்பிராயம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதும், ஒவ்வொரு மாணவருக்கும் பல பெரியோர் பல மணி நேரம் செலவிட வேண்டும் என்பதும் இம்முறையின்மேல் கூறப்படும் ஆட்சேபங்கள். முதலாவதற்குப் பள்ளி, எழுதி வைத்த பொது அளவுகோலாலும், ஒரே கோவையை ஆசிரியர் பலர் சேர்ந்து மதிப்பிட்டு விவாதித்ததாலும், வெளியாரை அழைத்துத் தன் தரத்தைச் சோதிக்கச் செய்ததாலும் பரிகாரம் தேடியது. இரண்டாவது ஆட்சேபம் முற்றிலும் உண்மையே. ஆயின் அதனைக் குறையென்று தள்ளுவது தகாது. ஓர் ஏழைப் பிள்ளையின் எழுத்தைப் பொறுமையாகப் படித்து, அப்பிள்ளையின் எதிரே அமர்ந்து, நீ சொல்வதற்குச் சான்று என்ன என்று சிரத்தையோடு கேட்கும் பெரியோரை ஒரு சமூகம் எத்தனை பேர் தர முன்வருகிறதோ, அந்த அளவுக்கே அது வழங்கும் பத்திரத்துக்கு மதிப்பு உண்டு. ஆசிரியருக்குச் சிறு வகுப்புகளும், கலந்து பேச நேரமும், தீர்ப்பளிக்கும் உரிமையும் உறுதிசெய்யப்படாத இடத்தில் இம்முறையின் வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டுவந்தால், கோவைகள் வெறும் காகிதக் கட்டுகளாகிவிடும்.