எல்லையோர வானொலியும் ஒதுக்கீட்டு விதியும்: விண்ட்சர் சி.கே.எல்.டபிள்யூ நிலையத்தின் உச்சக் காலம்

டெட்ராய்ட் ஆற்றின் வடகரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் மாநகரும், தென்கரையில் கனடாவின் விண்ட்சர் நகரும் அமைந்துள்ளன. 1932இல் விண்ட்சரில் தொடங்கப்பெற்ற சி.கே.எல்.டபிள்யூ வானொலி, பின்னர் 800 கிலோஹெர்ட்சு மத்திய அலையில் 50,000 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பாகியது. நிலையம் கனடாவினுடையது; நேயர்களுள் மிகப் பலரோ அமெரிக்கர். இம்முரணே அதன் வளர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் களமாயிற்று என்பது நம் கருத்து.

ஆர்.கே.ஓ. ஜெனரல் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கையிலிருந்தபோது, 1967இல் பில் டிரேக்கின் ஒலிபரப்பு முறை இங்குப் புகுத்தப்பட்டது. சுருக்கமான பாடற்பட்டியல், அறிவிப்பாளரின் அளவான பேச்சு, இடைவெளியற்ற வேகம் ஆகியவை அதன் கூறுகள். ராக் பாடல்களும் டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே நிலையத்தைக் கேட்டனர்; 1967 ஜூலையில் இனக்கலவரத்தில் எரிந்த நகரில் இது சிறு செய்தியன்று.

அப்பட்டியலை 1968 முதல் வகுத்தவர் ரோசலி டிராம்ப்ளி. தொலைபேசி இணைப்பாளராக நிலையத்தில் சேர்ந்து இசைப் பொறுப்பாளராக உயர்ந்தவர் அவர். எல்டன் ஜானின் ‘பென்னி அண்ட் த ஜெட்ஸ்’ பாடலுக்குக் கறுப்பின நேயர்களிடையே இருந்த வரவேற்பை அவர் கண்டறிந்து இசைத்தட்டு நிறுவனத்தாருக்கு உணர்த்தினார். தனித்தட்டாக வெளிவந்த அப்பாடல் 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

இதற்கிடையே, கனடிய ஒலிபரப்பு ஆணையத்தின் அயல்நாட்டு உரிமை வரம்பினால் ஆர்.கே.ஓ. 1970இல் நிலையத்தைக் கைவிட நேர்ந்தது. 1971 ஜனவரி முதல், மத்திய அலை நிலையங்கள் தாம் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடிய ஆக்கங்களை வழங்கவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. டெட்ராய்ட் நிலையங்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. இவ்விதியே சி.கே.எல்.டபிள்யூவை வீழ்த்தியது என்பது அதன் பழைய நேயர் பலரின் வருத்தம்.

இதனை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. விதி வந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே ‘பென்னி’ நிகழ்வு நடந்தது. மேலும், விதி பிறக்கும் முன்னரே, 1969இல், ‘கெஸ் ஹூ’ என்னும் கனடியக் குழுவின் பாடலை டிராம்ப்ளி விரும்பி ஒலிபரப்பி, அமெரிக்காவில் அதற்கு வழிதிறந்தார். கனடியப் பாடல் என்பதே நேயரை விரட்டும் என்று கொள்ள இயலாது. தாய்மொழி ஒலிபரப்பில் உள்ளூர்ப் பாடல்களுக்கு இடம் கேட்கும் நம்மவர்க்கும் இவ்வேறுபாடு முக்கியமானது.

பெரும் இழப்பு பண்பலையால் நேர்ந்தது. 1970களின் பிற்பகுதியில் இசை நேயர்கள் அதன் துல்லியமான இருவழி ஒலியை நாடிச் சென்றனர். அப்போது கனடியப் பண்பலை நிலையங்கள் வெற்றிப் பாடல்களை எவ்வளவு ஒலிபரப்பலாம் என்பதற்கு ஆணையம் வரம்பு விதித்திருந்தது; ஆற்றுக்கு அப்பால் அத்தகைய வரம்பு இல்லை. மத்திய அலையில் ஈட்டிய புகழைப் பண்பலைக்குக் கொண்டுசெல்லும் வழி இவ்வாறு அடைபட்டது. டிராம்ப்ளி 1984இல் விலகினார். அதன்பின் நிலையம் பழம்பாடல்களுக்கு மாறி, 1990களில் செய்தியும் உரையாடலும் வழங்கும் நிலையமாயிற்று.