வெண்பாவை

கருவிழியின் நடுவிலுள்ள துளைக்குத் தமிழில் 'பாவை' என்பது பழம்பெயர். எதிரே நிற்பவரின் உருவம் அதில் சிறு பொம்மையாகத் தெரிவதே காரணம் என்பர். கிரேக்கத்தின் 'கோரே' என்ற சொல்லும் சிறுமி, பொம்மை, கண்பாவை ஆகிய பொருள்களை ஒருங்கே சுமப்பதால், வெண்மையைக் குறிக்கும் 'லியூக்கோஸ்' அதனுடன் சேர்ந்து உருவான 'லியூக்கோகோரியா' என்னும் மருத்துவச் சொல்லுக்கு 'வெண்பாவை' வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

ஃபிளாஷ் ஒளியில் எடுத்த படத்தில் ஒரு கண்பாவை சிவந்தும் மற்றது வெளிறியும் தெரிவது இதன் அடையாளம். பிறவிக் கண்புரையாலும் இது நேரலாம் எனினும், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரைத் தாக்கும் விழித்திரைப் புற்றான 'ரெட்டினோபிளாஸ்டோமா'வின் முதற்குறியாகவும் அமையக்கூடும். அக்கட்டி விழிக்கோளத்தைத் தாண்டுமுன் கண்டறியப்பட்டால் பெரும்பாலான குழந்தைகள் உயிர்பிழைப்பதால், இக்குறியையோ புதிதாகத் தோன்றும் மாறுகண்ணையோ காணும் கண்டிப் பகுதிப் பெற்றோர், பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையையோ கண்டி தேசிய வைத்தியசாலையையோ தாமதமின்றி நாடவேண்டும்.

பேச்சுவழக்கிலுள்ள 'கண்ணில் பூ விழுதல்' இதனோடு மயங்கத்தக்கது. ஆனால் அது பெரும்பாலும் விழியின் முன்படலத்தில் எந்நேரமும் புலப்படும் தழும்பைச் சுட்ட, வெண்பாவையோ பாவைக்குப் பின்னிருந்து, ஒளி குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது மட்டுமே வெளிப்படவும் கூடும்.