மூன்றில் ஒரு பங்கு நேரம்: புதுச்சேரிக் கல்லூரிகளும் மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேர்வும்

புதுச்சேரியில் இரண்டு தேர்வு மரபுகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்துவருகின்றன. 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில் பாக்கலோரியா என்னும் பள்ளியிறுதித் தேர்வை எழுதுபவருக்கு விதிகள் பாரிசிலிருந்து வருகின்றன. தாகூர் கலைக் கல்லூரியிலோ பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ செமஸ்டர் எழுதுபவருக்கு அவை புதுடெல்லியில் பிறந்து காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வருகின்றன. பார்வையற்ற மாணவருக்கான கூடுதல் நேரத்தில் மட்டும் இரண்டும் ஒரே கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றன: மூன்றில் ஒரு பங்கு. பிரான்சில் 2005 பிப்ரவரி 11ஆம் நாளின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைத் தொடர்ந்த ஆணை, விதிவிலக்கான நிலைமை இருந்தாலொழிய அதற்கு மேல் கிடையாது என்கிறது. இந்தியாவில் 2013 பிப்ரவரி 26 வழிகாட்டு நெறி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது என்றது. அங்கே உச்சவரம்பு, இங்கே கீழ்வரம்பு. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று இந்த ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்தியக் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடு வகுப்பறையைவிடத் தேர்வறையில்தான் முதலில் உறுதிப்பட்டது. அதற்கான காரணத்தை இரக்கத்திலோ அலட்சியத்திலோ தேடுவதைவிட, நம் பல்கலைக்கழகங்களின் அமைப்பில் தேடுவது பயன் தரும். கற்பிப்பது கல்லூரி, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகம். 1961இல் தொடங்கிய தாகூர் கல்லூரியும் 1968இல் வந்த பாரதிதாசன் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. இதே பிரதேசத்தின் மாகே கோழிக்கோட்டோடும் ஏனாம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தோடும். 1954இல் நிர்வாகமும் 1962இல் சட்டப்படியான உரிமையும் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிய ஒரு பிரதேசம், பட்டப்படிப்பு என்று வந்தபோது மூன்று ஊர்களின் வினாத்தாள்களை எழுதிக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒருவர் பாடத்தை வாசித்துக் காட்டுவதையோ தரைத்தளத்தில் அறை ஒதுக்குவதையோ கல்லூரி முதல்வரே முடிவுசெய்யலாம். ஆனால் விடைத்தாளில் இன்னொருவர் கை படவேண்டுமென்றால் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஆகாது. ஆகவே எழுத்து வடிவில் விதி தேவைப்பட்ட முதல் இடம் தேர்வறைதான்.

1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் உருவானபின் அந்த அதிகாரம் சென்னையிலிருந்து காலாப்பட்டுக்கு வந்தது. தூரம் குறைந்தது; ஏற்பாட்டின் தன்மை மாறவில்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தது 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்த அது, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வி நிறுவனங்களில் குறைந்தது 3 விழுக்காடு இடங்களை ஒதுக்கச் சொன்னது. பார்வையற்ற, குறைபார்வை மாணவர்களுக்கு எழுதித் தருபவரை (ஸ்கிரைப்) ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனத்தின் மேலேயே வைத்தது. இந்த இரண்டாவது பிரிவு அதிகம் பேசப்படவில்லை. இட ஒதுக்கீட்டை எண்ணிப் பார்க்க முடியும். எழுத ஆள் கிடைத்தாரா என்பதை மாணவரைக் கேட்டால்தான் தெரியும். நடைமுறையில் ஸ்கிரைபைத் தேடி அலைந்தது பெரும்பாலும் மாணவரும் அவர் வீட்டாரும்தான்.

காலாப்பட்டு வளாகத்தின் கதை சற்று வேறு. சுமார் 800 ஏக்கர் பரப்பில் விடுதிக்கும் துறைக்கும் நூலகத்துக்கும் இடையிலான தொலைவே அங்கே ஒரு தடை. அதனால் அங்கே தேர்வுக்கு அப்பாலும் யோசிக்க வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டண விலக்கு, சாய்தளங்கள், ஆனந்தரங்கப்பிள்ளை நூலகத்தில் திரைவாசிப்பு மென்பொருள் என ஏற்பாடுகள் விரிந்தன. தனக்கென நிலமும் நிதியும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இது இயன்றது. அதனோடு இணைந்த நகரத்துக் கல்லூரிகளுக்கு இதே வேகம் வாய்க்கவில்லை.

2007 அக்டோபர் 1இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றதன் தொடர்ச்சியாக 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் செயல்படுகிறது. ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இருபத்தொன்றாயின. உயர்கல்வி ஒதுக்கீடு 5 விழுக்காடானது. வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் கிடைத்தது. கற்றல் குறைபாடு முதன்முறையாகப் பட்டியலில் ஏறியது. கூடுதல் நேரம், எழுதித் தருபவர் ஆகியவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கையும் பதினேழாம் பிரிவு குறிப்பிடுகிறது. தமிழ், பிரெஞ்சு, இந்தி, மலையாளம், தெலுங்கு என்று மொழிப்பாடத் தெரிவு விரிந்து கிடக்கும் புதுச்சேரியில் இது சிறிய செய்தியல்ல. சைகை மொழியில் சிந்திக்கும் செவித்திறனற்ற மாணவருக்குப் பொருளியலைவிட மொழித்தாள்தான் பெரிய மதில்.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில் நேர்ந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடுள்ள மருத்துவப் பட்டதாரி ஒருவருக்கு, வரையறுத்த வகைக்குள் அவர் வரவில்லை என்று குடிமைப்பணித் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்கவில்லை. 40 விழுக்காட்டுக் குறைபாடு என்ற அளவு ஒதுக்கீட்டுக்கானது. தேவைக்கேற்ற வசதி கேட்க அந்த அளவு நிபந்தனையாகாது என்றது. இதன்படி, 40 விழுக்காட்டுக்குக் கீழே குறைபாடு இருந்து எழுதச் சிரமப்படுவோருக்கான தனி நெறிகள் 2022 ஆகஸ்ட் 10இல் வெளிவந்தன. சான்றிதழில் உள்ள எண்ணைப் பார்த்து விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் கல்லூரி அலுவலகப் பழக்கத்துக்குச் சட்டத்தில் இனி இடமில்லை.

ஆயினும் 2018 ஆகஸ்ட் 29இல் வந்த தேர்வு நெறியில் ஒரு முடிச்சு இருந்தது. 2013 நெறி ஸ்கிரைபுக்குக் கல்வித் தகுதி வரையறுக்க வேண்டாம் என்றது. 2018இல் அது மாறியது: மாணவரே அழைத்துவரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றது. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் யாப்பிலக்கணத்தையோ கணக்குப்பதிவியலையோ கேட்டறியாத ஒருவருக்கு ஒவ்வொரு கலைச்சொல்லையும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மணி நேரத் தாளுக்குக் கிடைக்கும் கூடுதல் 60 நிமிடத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும். தேர்வு நடத்தும் அமைப்பே ஸ்கிரைப் பட்டியல் வைத்திருக்கலாம், இரண்டு நாள் முன்னதாக மாணவர் அவரைச் சந்தித்துப் பார்க்கலாம் என்றும் அதே நெறி சொன்னது. இணைப்புக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவாக அப்படியொரு பட்டியலைப் பராமரிக்கப் பொருத்தமான இடம் கல்லூரி முதல்வரின் அறையைவிடக் காலாப்பட்டின் தேர்வுப் பிரிவுதான். விடைத்தாள் மீதான அதிகாரம் 1985 முதல் அங்கேதான் இருக்கிறது.