டெனிசனும் குடியும்

‘டெனிசன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், பழைய பிரெஞ்சில் ‘உள்ளே’ எனப் பொருள்படும் சொல். உள்ளே இருப்பவன், அதாவது உள்ளூர்க்காரன். அதற்கு எதிராக நின்ற ‘ஃபாரின்’, கதவுக்கு வெளியே என்னும் லத்தீன் வேரினது. இடைக்கால லண்டனில் ஃபாரின் எனப்பட்டவர் பெரும்பாலும் ஆங்கிலேயரே. நகர உரிமை பெறாதவர், அவ்வளவுதான். கடல் கடந்து வந்தவருக்கு ‘ஏலியன்’ என்று தனிப்பெயர். ஒரகடம் ஆலைக்குப் போய்வரும் ஒடிசா இளைஞரை மணிமங்கலம் ஊரார் ‘வெளியூர் ஆள்’ என்பதும் இதே கணக்கில்தான்.

‘குடி’ அப்படி உள், வெளி பார்த்துப் பிறக்கவில்லை. வீடு, குடும்பம், குலம், உழுபவர் எல்லாமே அதற்குள் அடக்கம். பிறகு இரண்டு சொற்களின் பொருளும் மாறியது. டெனிசன் தலைகீழாயிற்று: அரசர் ஆணைமடல் தந்து உள்ளே சேர்த்துக்கொண்ட அயல்நாட்டவருக்கு அது பெயரானது. அன்று அவர் நிலம் வாங்கலாம். வாரிசுரிமையில் பெற முடியாது. 1701-ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றக் கதவையும் அடைத்தது. குடியோ கிளைவிட்டது. லைன் வீட்டில் அட்வான்ஸ் வாங்கி நாலு பேரைக் ‘குடிவைத்தால்’ அவர்கள் குடித்தனக்காரர்கள். ஊர்ப்பணி செய்தவரைக் குறித்த ‘குடிமகன்’ என்ற பெயரோ, இன்று ‘முதல் குடிமகன்’ எனக் குடியரசுத் தலைவர் வரை உயர்ந்திருக்கிறது. இந்த ஏற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்விரு சொற்களுக்கும் எதிர்பாராத உறவு கல்வெட்டில் இருக்கிறது. சோழர் காலத்தில் மணிமங்கலத்துக்கு லோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும் பெயர். சதுர்வேதிமங்கலங்கள் அரசர் கொடையால் மறையோர் குடியமர்ந்த ஊர்கள். சபை கூட்டி ஊரை நடத்தியவர்களின் உரிமைக்கும், லண்டன் டெனிசனின் உரிமைக்கும் மூலம் ஒன்றே: அரச ஆணை. ஆனால் ஆங்கில மடல் ஒருவரைச் சேர்த்ததோடு சரி; ஏற்கெனவே இருந்தவரை அசைக்கவில்லை. நம் சாசனங்கள் சில ‘குடிநீக்கி’ என்று எழுதி இருந்தவரை அகற்றின. ‘குடிநீங்கா’ என்றவை உழுதவரை விட்டுவைத்தன. இந்த இடத்தில் நம் வழக்கமே கடுமையானது.

1990-இல் சுவீடன் அறிஞர் தோமஸ் ஹம்மார், நெடுநாள் தங்கியும் குடியுரிமை பெறாத அயல்நாட்டவருக்கு ‘டெனிசன்’ என்ற பெயரை மீட்டெடுத்தார். ஒடிசா இளைஞருக்கு அந்தப் பெயர் பொருந்தாது; அவர் இந்தியக் குடிமகன். மணிமங்கலத்தில் வழக்கமாகக் குடியிருந்தால் அவர் அங்கேயே வாக்காளராகலாம். வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அவ்வூரில் குடியிருப்பவராகக் கருதப்பட மாட்டார் என்றே 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது.