ராமாபிதிகஸ்

ராமனோடு கிரேக்கத்தின் 'பிதிகோஸ்' (வாலில்லாக் குரங்கு) சேர்ந்த, ஒரு புதைபடிவக் குரங்கினத்தின் பெயர். யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ் 1932இல் இமாச்சலத்து ஹரித்தல்யங்காரில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார், 1934இல் பெயரிட்டார். சுக்ரீவபிதிகஸ், பிரமபிதிகஸ் என்பவையும் அவர் வைத்தவைதான்.

தாடையில் இருந்தது ஒரு பக்கம் மட்டுமே, நடுக்கோடு உடைந்துபோயிருந்தது. மறுபாதியை ஊகித்து வரைந்தபோது பல்வரிசை மனிதருடையதைப்போல வளைந்து வந்தது. அந்த வளைவை நம்பித்தான் 1960களில் ஆய்வாளர்கள் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் இதை மனித மூதாதை என்றார்கள். ஒரு தாடைத் துண்டுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பாரம்!

1967இல் ஆய்வாளர்கள் சாரிச்சும் வில்சனும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதரும் சிம்பன்ஸியும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகளே ஆயின என்றனர். ராமாபிதிகஸோ அதைவிடப் பழையது, ஆக மனிதக் கிளையில் இருக்க முடியாது. பிறகு பாகிஸ்தானின் போட்வாரில் கிடைத்த, ராமாபிதிகஸை ஒத்த சிவபிதிகஸின் முகத்தை 1982இல் வெளியிட்ட பில்பீமே, அது ஒராங்குட்டானின் சாயல் என்றார்.

இன்று ராமாபிதிகஸ், சிவபிதிகஸுக்குள் அடக்கம். சிவபிதிகஸ் என்பது ஆய்வாளர் பில்கிரிம் 1910இலேயே வைத்த பெயர் என்பதால் முன்னுரிமை அதற்கு. ராமனைச் சிவன் விழுங்கினார் என்று திருப்பதியில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.