பல்ப் எங்கே இருக்கிறது?

 

தரம் 10 பிள்ளையொன்று, போன் திருத்தும் கடையில் கழற்றிப் போட்ட திரையொன்றைக் கொண்டுவந்து, "சேர், இதுக்குள்ள பல்ப் எங்க ஈக்கிது?" என்று கேட்டது. ஓஎல்ஈடி திரையில் பல்ப் இல்லை, உள்ளே பூசியிருக்கும் சேதன மென்படலமே மின் பாயும்போது ஒளிர்கிறது என்றோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தப் படலத்தில் மூலக்கூறுகள் எந்த ஒழுங்குமில்லாமல் தாறுமாறாகக் கிடக்கும்" என்றும் சொல்லிவிட்டோம். இந்தக் கடைசி வசனம் பிழை.

கல்வியியற் கல்லூரியில் நாம் படித்ததும் அப்படித்தான். திண்மம் ஒன்றில் பளிங்கு, இல்லாவிட்டால் கண்ணாடி போல் பளிங்குருவற்றது. முதலாவதில் ஒழுங்கு உண்டு, இரண்டாவதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தபோதுதான், இதைக் கண்டுபிடித்த துறையே பல வருடங்கள் அதே நினைப்பில் இருந்தது தெரிந்தது. அது நமக்குக் கொஞ்சம் ஆறுதல்!

1963இல் நியூயோர்க்கில் மார்ட்டின் போப்பின் குழு அந்திரசீன் பளிங்கை மின்னால் ஒளிரச் செய்தது. ஆனால் அதற்குச் சுமார் 400 வோல்ட் வேண்டியிருந்தது. வீட்டுப் பாவனைக்கு உதவாத விடயம். 1987இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இருவரும் பளிங்கை விட்டுவிட்டு, வெற்றிடத்தில் பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைத்தார்கள். பச்சை ஒளி தந்தது அல்க்யூ3 என்ற சேர்வை. அலுமினிய அணுவொன்றை மூன்று சேதனக் கைகள் பிடித்திருப்பது போன்ற அமைப்பு. படலங்கள் எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் பருமனில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுதான். 10 வோல்ட்டுக்கும் குறைவாகவே நன்றாக ஒளிர்ந்தது. இன்றைய போன் திரைகளின் மூதாதை இதுதான்.

ஆவி வந்து படிகிறது, உறைகிறது, தாறுமாறாகத்தானே கிடக்கும்? அல்க்யூ3 படலத்தைப் பற்றி அப்படித்தான் எண்ணப்பட்டது.

2002இல் ஜப்பானில் ஈஸுகே இட்டோ, ஹிஸாவோ இஷீ, கஸுஹிகோ செக்கி ஆகியோர் அடங்கிய குழு, அதே அல்க்யூ3ஐ இருட்டில் படிய வைத்து மேற்பரப்பின் மின்னழுத்தத்தை அளந்தது. படலம் தடிக்கத் தடிக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. 560 நனோமீற்றரில் 28 வோல்ட்! சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பற்றரி 19ஐத் தொடராக இணைத்தால் வரும் அழுத்தம். யாரும் மின்னைக் கொடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டதும் அது மறைந்தது. ஒளி தருவதற்கென்றே செய்த பொருளின் இரகசியத்தை இருட்டில்தான் பார்க்க முடிந்தது.

அல்க்யூ3 மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர் ஏற்றம், மறுபக்கம் சற்று மறை ஏற்றம். எல்லாம் தாறுமாறு என்றால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்து பூச்சியமாக வேண்டும். 28 வோல்ட் வந்ததென்றால் ஒரு திசையைப் பார்த்தவை கொஞ்சம் கூட இருக்கின்றன. அந்தக் கூடுதல் மிகச் சிறிது. அதுவே படலம் முழுவதையும் தானாக முனைவாக்கம் அடையச் செய்துவிட்டது.

இன்னொரு ஒழுங்கும் வெளிவந்தது. 2009இல் கியூஷு பல்கலைக்கழகத்தின் யோகோயாமா, அடாச்சி ஆகியோரின் குழு, நீளமான மூலக்கூறுகள் பளிங்குருவற்ற படலத்திலும் பெரும்பாலும் படுத்தே கிடப்பதைக் காட்டியது. இது சின்ன விடயமல்ல. சாதாரணமாகத் திரைக்குள் உண்டாகும் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது, மிச்சம் உள்ளேயே சிக்கிவிடும். இப்படியான மூலக்கூறு தன் நீளப் பக்கமாக ஒளியை அனுப்பாது, குறுக்காகவே அனுப்பும். ஆகவே படுத்திருந்தால் கூடுதலான ஒளி நம் கண்ணை நோக்கி வரும்.

ஏன் படுக்கின்றன? அமெரிக்காவில் மார்க் எடிகரின் குழு தந்த விளக்கம் நமக்குப் பிடித்தது. உள்ளே புதைந்த மூலக்கூறு அசைய முடியாது. மேற்பரப்பில் இருப்பதற்கு மட்டும் சற்று நேரம் புரண்டு வசதியாக அமர இடமுண்டு. அதற்குள் அடுத்தது வந்து மூடிவிடும், அமர்ந்த நிலையிலேயே சிறைப்படும். படிய வைக்கும்போது தட்டின் வெப்பநிலையை மாற்றினால் படுப்பதும் நிமிர்வதும்கூட மாறுகின்றன.

படுப்பது நன்மை. ஆனால் அந்த 28 வோல்ட் விவகாரம் அப்படியல்ல. முனைவாக்கத்தால் படலங்கள் சந்திக்கும் எல்லையில் ஏற்றங்கள் தேங்கி, ஒளியாக வேண்டிய சக்தியை விழுங்கிவிடுகின்றன. அதைக் குறைத்தால் வினைத்திறன் கூடுகிறது என்று 2020இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் திருத்திச் சொல்ல வேண்டும். ஒரு பிடி ஈர்க்கில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொன்றாகத் தரையில் போட்டால் எல்லாம் படுக்கும், மொத்தமாக வாளிக்குள் திணித்தால் தாறுமாறாக நிற்கும். மூலக்கூறைப் படுக்க வைப்பது புவியீர்ப்பு அல்ல, மேற்பரப்புத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இன்னொரு பிழையைக் கற்பித்தவர்களாகிவிடுவோம்.