முயல் பயமும் ஸ்கூல் பயமும்: ஒரு 100 வருஷக் கதை

1/ ஸ்கூல் நாள் காலையில மட்டும் வர்ற வயித்து வலி. ஸ்கேன் நார்மல். லீவு நாள்ல வலியே இல்ல. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஓபி பார்க்கிற டாக்டர்களுக்குப் பழகின கதை இது. பிள்ளை நடிக்கலீங்க. பதற்றத்துல வர்ற வலியும் நிஜ வலிதான். மாத்திரை இல்லாமலே இதுக்குப் பலன் தர்ற சிகிச்சை ஒண்ணு உண்டு: சிபிடி. அது வந்த வழியைப் பார்ப்போம்.

2/ 1924, அமெரிக்கா. பீட்டர்ங்கிற பொடியன், 3 வயசு கூட ஆகல. முயலைக் கண்டா அலறுவான். மேரி கவர் ஜோன்ஸ் அவனுக்குப் பிடிச்ச தீனியைக் கொடுத்து, முயலைக் கூண்டோட தூரத்துல வெச்சாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க. கடைசியில முயல் விரலைக் கொறிச்சப்பவும் பையன் அசரல.

3/ அவங்க பார்த்த இன்னொரு விஷயம்: "ஒண்ணும் ஆகாது"ன்னு வாயால சொல்றது மட்டும் போதல. பயப்படுற பொருளைக் கண்ணுல காட்டாம ஒளிக்கிறதும் போதல. நாம இன்னிக்கும் இந்த ரெண்டைத்தான் செய்றோம்!

4/ 1958-ல ஜோசப் வோல்ப்பி, பயத்தைப் படிப்படியா நெருங்குறதை ஒரு சிகிச்சை முறையாவே வகுத்தார். 1960-கள்ல ஆரோன் பெக், மனசுல ஓடுற எண்ணத்தையும் சோதிச்சுப் பார்க்கணும்னார். ரெண்டு ஓடையும் கலந்ததுதான் சிபிடி. அதைப் பிள்ளைங்களுக்கு ஏத்தபடி மாத்தி, 1994-ல ஆய்வு வெளியிட்டவர் பிலிப் கெண்டால்.

5/ 2008-ல 7 முதல் 17 வயசு வரை 488 பேர்கிட்ட பெரிய ஆய்வு. 12 வாரத்துல நல்லா தேறினவங்க: சிபிடி மட்டும் 60%, செர்ட்ரலின் மாத்திரை மட்டும் 55%, ரெண்டும் சேர்த்து 81%, போலி மாத்திரை 24%.

6/ இதுல நம்ம ஊருக்கும் ஒரு பாடம் இருக்கு. 1957-லயே வேலூர் பாகாயத்துல சிஎம்சி மனநல மையம் வந்தாச்சு. நோயாளியோட குடும்பமும் தங்கி சிகிச்சையில பங்கெடுக்கிற இடம். பிள்ளைங்க பதற்றத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். ஏன்னா, பயத்துக்குத் தீனி போடுறதும் வீடுதான், பட்டினி போடுறதும் வீடுதான்.

7/ ஷூ கம்பெனிக்குப் போற அம்மா, ஒருநாள் கூலியை விட்டுட்டுப் பிள்ளையோட வீட்டுல இருக்காங்க. வலி உடனே போயிடும், ஆனா பயம் ஒரு சுத்து பெருத்துடும். அதுக்குப் பதிலா ஏணி போடுங்க: முதல்ல கேட் வரைக்கும், அடுத்து ஒரு பீரியட், அப்புறம் அரை நாள். ஒவ்வொரு படிக்கும் பாராட்டு.

8/ அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்கூல்ல அடி, கிண்டல், வேற தொல்லை இருக்கான்னு கேளுங்க. இருந்தா அதை முதல்ல நிறுத்தணும். காய்ச்சல், எடைக்குறைவு, ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலின்னா உடம்பைத்தான் முதல்ல பார்க்கணும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இலவசம். தமிழ்லயே பேசலாம்.